வட்டைக்குள் ஓடும் சைட் பை சைட் வண்டியில் பெல்ட் ஏன் திரும்பத் திரும்ப அறுகிறது?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கம் வயல் செய்கிற நீங்கள், கைமாறி வந்த ஒரு சைட் பை சைட் வண்டியை (இருவர் பக்கம் பக்கமாக அமர்ந்து கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சிறு நாலுசக்கர வண்டியை) வாங்கி, பசளை மூட்டையும் விதைநெல்லும் ஏற்றிக்கொண்டு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போய் வருவதாகவும், எட்டு மாதத்துக்குள் இரண்டு பெல்ட் அறுந்துவிட்டதாகவும், மூன்றாவது பெல்ட்டும் மாரி தொடங்கிய நாளிலிருந்து வழுக்கி, ரப்பர் கருகும் மணம் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்த்த மெக்கானிக் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். எந்தக் கம்பனியின் பெல்ட் நல்லது, எஞ்சினை இறக்குவதா, வண்டியையே விற்றுவிடுவதா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, ஒழுங்காகப் பூட்டிய பெல்ட் ஏன் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை என்பதுதான். அதற்கு விடை கிடைத்தால் மற்றவை தாமாகவே தீர்ந்துவிடும்.

தொழினுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனத் தொழில் படித்த பிறகு, கட்டாரில் மணல்மேட்டில் ஓடும் இந்த வகை வண்டிகளை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு பணிமனையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். ஊர் திரும்பியபின் மட்டக்களப்பில் உழவு இயந்திரங்களோடு சேர்த்து, படுவான்கரையிலிருந்தும் பொத்துவில் பக்கமிருந்தும் வருகிற இத்தகைய சில வண்டிகளையும் பார்த்து வருகிறேன். மணலும் சுரியும் (சேறும்) வண்டியை வெவ்வேறு விதமாகக் கெடுக்கும் என்றாலும், இரண்டு இடத்திலும் பெல்ட்டைக் கொல்வது சூடு ஒன்றுதான். உங்கள் வண்டியை நான் கண்ணால் காணவில்லை. ஆகவே எந்த வண்டிக்கும் பொருந்துகிற நிச்சயமான விடயத்தையும், நீங்கள் எழுதியதை வைத்து ஊகிப்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

சைட் பை சைட் எல்லாமே பெல்ட்டில் ஓடுவதில்லை. ஹொண்டாவின் பயனீர் 1000 பெல்ட் இல்லாமல் பற்சக்கரக் கியர்பெட்டியோடு வருகிறது, குபோட்டாவின் ஆர்.டி.வி. 900 போன்றவை ஒயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. பொலாரிஸ் ரேஞ்சர், யமஹா, கவசாக்கி மியூல் ஆகியவற்றில் பெரும்பாலானவை சி.வி.ரி. எனப்படும் பெல்ட் அமைப்பையே நம்பியிருக்கின்றன. உங்களுடையதும் அந்த இனம். இதில் எஞ்சின் தண்டோடு ஒரு முன் கிளட்ச்சும், கியர்பெட்டியோடு ஒரு பின் கிளட்ச்சும் உண்டு. ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். எஞ்சின் ஆறுதலாக ஓடும்போது முன் தட்டுகள் விலகி நிற்கும், பல மொடல்களில் பெல்ட் பிடியில்லாமல் கிடக்கும். அக்சிலேற்றரை மிதித்ததும் உள்ளேயுள்ள எடைகள் வெளிப்புறம் வீசப்பட்டு முன் தட்டுகளை நெருக்கும். பெல்ட் இறுகப் பிடிபட்டு மேலே ஏறும். பின் கிளட்ச் தன் ஸ்பிரிங்கை எதிர்த்து விரிந்து வழிவிடும். பற்களே இல்லாத இந்த அமைப்பில் ரப்பரின் இரண்டு பக்கச் சரிவும் உலோகத்தை இறுகப் பற்றுகிற பிடிமானம்தான் வண்டி முழுவதையும் இழுக்கிறது. அந்தப் பிடி ஒரு கணம் தளர்ந்தாலும் உராய்வில் சூடு பிறக்கும், சூட்டில் ரப்பர் இறுகிப் பளபளப்பாகும், பளபளத்த ரப்பர் இன்னும் அதிகமாக வழுக்கும். ஒரு தடவை இந்தச் சுழலுக்குள் விழுந்த பெல்ட் மீள்வது அரிது.

முதலில் எஞ்சின் மேல் விழுந்த பழியைப் பார்ப்போம். இதைத் தீர்க்க எஞ்சினை இறக்கத் தேவையில்லை. சுற்றுமானியும் வேகமானியும் போதும். காய்ந்த நேரான பாதையில், சாமான் ஏற்றாமல், அக்சிலேற்றரை நன்றாக மிதித்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று உயர்ந்துகொண்டே போக, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறவில்லையென்றால், பலம் எஞ்சினில் பிறக்கிறது, வழியில் பெல்ட்டில் தொலைகிறது என்று பொருள். மாறாக, மிதித்தும் சுற்றே ஏறாமல் எஞ்சின் திணறினால்தான் எயார் ஃபில்டர், பெற்றோல் வருகை, பிளக், கடைசியாகக் கம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) என்று எஞ்சின் பக்கம் தேட வேண்டும். சுற்றுமானி இல்லாத வண்டியென்றால் காதே போதும்: வண்டி முக்கி நகரும்போது எஞ்சின் மட்டும் உயர்ந்து இரைகிறதா, அல்லது எஞ்சினும் சேர்ந்து முக்குகிறதா என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வழுக்கலையும் கருகும் மணத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் முதலாவது வகையின் அடையாளங்கள் என்பதால், கம்பிரசன் அளந்து பார்க்காமல் எஞ்சினை இறக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து, அறுந்த பெல்ட்டுகளை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் அவற்றை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். நோயை எடுத்துச் சொல்வது அவைதான். சென்ற மாசியில் ஒருவர் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து கொண்டுவந்த பெல்ட்டை விரலால் தடவிச் சுற்றிக்கொண்டே வந்தேன். முழுவதும் ஒரே அகலமாக வந்து, ஓரிடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பெருவிரல் உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியின் நீளம் முன் கிளட்ச்சின் வளைவுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. சக்கரம் சுரிக்குள் பிடிபட்டு நிற்க, பெல்ட் அசையாமல் கிடக்க, முன் கிளட்ச் மட்டும் அதே இடத்தைச் சில நொடி அரைத்திருக்கிறது. அவரிடம் கேட்டபோது, நெல் மூட்டையோடு வரம்பில் ஏறும்போது ஒருமுறை சிக்கியது, பலமாக மிதித்துத்தான் எடுத்தேன் என்றார். அந்த ஒரு மிதிப்பு போதும். குழி இல்லாமல் பக்கம் முழுவதும் கண்ணாடிபோல் மின்னினால், நெடுநாளாகச் சிறுகச் சிறுக வழுக்கியிருக்கிறது. ஓரத்து நார்கள் பிரிந்து நூல்நூலாகத் தொங்கினால், இரண்டு கிளட்ச்சும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெல்ட்டில் ஒயில் பிசுபிசுத்தால் ஒயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீல், எஞ்சின் தண்டிலோ கியர்பெட்டியிலோ கசிகிறது. அதை மாற்றாமல் எந்தப் பெல்ட் போட்டும் பயனில்லை.

இனி, உங்கள் வண்டியில் நடந்திருக்கும் என்று நான் ஊகிப்பது. சாத்தியம் மிகுந்தது, கியர் பிழை. லிவரில் எச் (உயர் கியர்), எல் (தாழ் கியர்) என்று இரண்டு முன்னோக்கிய நிலைகள் இருக்கும். எச் நிலை வெறும் வண்டியாகத் தெருவில் ஓடுவதற்கு. மூட்டை ஏற்றியும், சுரிக்குள்ளும், வரம்பு ஏறும்போதும், சைக்கிள் வேகத்துக்கும் குறைவாக ஊரும்போதும் எல் நிலையில்தான் ஓட்ட வேண்டும். நான் பார்த்த வண்டிக்காரர்களில் பெரும்பாலானோர் எல் நிலையை வண்டி சிக்கியபின் போடும் அவசரக் கியராக நினைக்கிறார்கள். அந்த எண்ணம்தான் பெல்ட்டைத் தின்கிறது. எச் நிலையில் மெதுவாகப் பாரம் இழுக்கும்போது எஞ்சின் சுற்றுக் குறைவு, அதனால் முன் கிளட்ச்சின் நெருக்கும் விசை குறைவு, சக்கரம் கேட்கும் இழுவையோ அதிகம். வழுக்காமல் அது வேறென்ன செய்யும்? எல் போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும், பிடி இறுகும், பெல்ட்டுக்குக் காற்றும் அதிகம் கிடைக்கும். லிவரை மாற்றும்போது வண்டி முற்றாக நின்று, எஞ்சின் ஆறுதல் சுற்றில் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கியரோடு சேர்த்து ரயரையும் பாருங்கள். கைமாறி வந்த வண்டி என்பதால், முன்னைய சொந்தக்காரர் தோற்றத்துக்காகப் பெரிய ரயர் போட்டிருக்கலாம். பெரிய ரயர் என்பது நிரந்தரமாக ஒரு படி உயர்ந்த கியரில் ஓட்டுவதற்குச் சமம். கிளட்ச்சின் எடையையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் பெல்ட் அந்தச் சுமையைத் தாங்காது. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணை, வண்டியில் ஒட்டியிருக்கும் கம்பனித் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது சாத்தியம், காற்று அடைபட்டிருப்பது. பெல்ட்டைக் குளிர்விக்கும் காற்று ஒரு தனிக் குழாயால் உள்ளே வந்து இன்னொரு குழாயால் வெளியேறுகிறது. பல மொடல்களில் அதன் வாயில் ஒரு சிறு ஃபில்டரும் உண்டு. எஞ்சின் மூச்சுவிடும் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். கட்டாரில் ஒரு வண்டிக்கு இரண்டு மாதத்துக்குள் மூன்று பெல்ட்டை என் கையாலேயே மாற்றினேன். மூன்று முறையும் பெல்ட்டின் தரம் என்றே சொன்னேன். சொந்தக்காரர் என்னை நம்பிப் பணம் கொடுத்தார். நாலாவது முறை ஆசனத்தைக் கழற்றியபோதுதான், காற்றுக் குழாய் இணைப்பிலிருந்து நழுவி, சைலன்ஸர் பக்கத்து வெந்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு கிளிப்பை இறுக்கியதோடு அந்த வண்டியின் பெல்ட் பிரச்சினை முடிந்தது. பெல்ட் அறுந்து வருகிற எந்த வண்டியிலும் இப்போது நான் முதலில் கை வைப்பது அந்தக் குழாயில்தான். நம் பகுதியில் அறுவடைக் காலத்தில் சப்பியும் (பதரும்) வைக்கோல் தூசும் அதன் வாயை அடைக்கும். கொட்டிலில் நிறுத்திய வண்டியில் எலி கூடு கட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, தண்ணீர். மாரி தொடங்கிய பிறகு வழுக்கல் கூடியதாக நீங்கள் எழுதியதால் இதுவும் சேர்ந்திருக்கலாம். பெல்ட் பெட்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் போனாலும் பிடி போய்விடும். வாய்க்கால் கடந்ததும் எஞ்சின் இரைய, வண்டி நகராவிட்டால், மிதிக்காதீர்கள். நிறுத்தி, பெட்டியின் அடியிலுள்ள சிறு வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஏற்றி இறக்கிச் சில தடவை சுற்றவிட்டால் உள்ளே காற்று சுழன்று காய்ந்துவிடும். பிறகு எல் நிலையில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். பெல்ட் பெட்டியின் பெரிய மூடியிலுள்ள ரப்பர் விளிம்பு ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்பதைப் பெல்ட் மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டும்; இரண்டு தடவை பெல்ட் மாற்றிய இடத்தில் அந்த விளிம்பு மடிந்து பூட்டப்பட்டிருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தவரை, கால் வைக்கும் தளத்துக்கு மேலே ஏறும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். எஞ்சினே தண்ணீர் குடித்து நின்றுவிட்டால், ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்ப்பது பெரும் பிழை. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனை எஞ்சின் தண்டோடு இணைக்கும் கொன்ரொட் வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலைப் பார்த்து, அது பால்தேநீர் நிறமாக இருந்தால் மாற்றிய பின்புதான் இயக்க வேண்டும்.

நாலாவது காரணமாகக் கிளட்ச் தேய்மானத்தைச் சொல்ல வேண்டும், ஆனால் இதில் எனக்கு உறுதி குறைவு, ஏனெனில் திறந்து பார்த்தால்தான் தெரியும். கூம்புத் தட்டில் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். நகம் தடக்குகிற பள்ளம் இருந்தால் பெல்ட் அந்த இடத்தில் ஏற மறுக்கும். முன் கிளட்ச்சைக் கையால் ஆட்டும்போது கடகடத்தால் உள்ளேயுள்ள உருளைகளும் புஷ்களும் தேய்ந்திருக்கலாம். இவ்வளவும் நீங்களே பார்க்கலாம். கழற்றுவதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். முன் கிளட்ச்சுக்கு அந்த மொடலுக்குரிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும், சுத்தியலால் தட்டி எடுத்தால் எஞ்சின் தண்டின் முனை பழுதாகும். பின் கிளட்ச்சுக்குள் அமுங்கிய ஸ்பிரிங் இருக்கிறது, முறை தெரியாமல் கழற்றினால் முகத்தில் பாயும்.

புதுப் பெல்ட் போடும் நாளில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகச் செலவழித்தால் அது பல மாதம் திருப்பித் தரும். பழைய பெல்ட்டின் துண்டுகளும் நூல்களும் கிளட்ச்சுகளின் பின்னாலும் காற்றுக் குழாய்க்குள்ளும் ஒளிந்திருக்கும்; எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். தட்டுகளில் ஒட்டிய கருமையைப் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானால் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஒயிலோ கிறீஸோ அங்கே ஒரு துளியும் படக்கூடாது. புதுப் பெல்ட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, கிறீஸ் இல்லாத கையால், அம்புக்குறி காட்டும் திசையில் மாட்டுங்கள். முதல் 50 கிலோமீற்றர் அளவில் பாரம் ஏற்றாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதமாக ஓட்ட வேண்டும். பெல்ட் தன் தட்டுகளோடு பொருந்துவதற்கு அந்த ஓட்டம் தேவை. போட்ட பெல்ட் மூட்டையோடு அன்றைக்கே வட்டைக்குள் இறங்கியிருந்தால், அறுந்ததில் வியப்பில்லை. எந்தக் கம்பனி என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் மொடலின் பாக எண்ணுக்கு உரிய அசல் பெல்ட். அளவு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று வேறு வண்டியின் பெல்ட்டைப் பூட்டாதீர்கள். அகலத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமே கிளட்ச்சின் கணக்கைக் குழப்பிவிடும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், வட்டைக்குள் ஓடும் வண்டிக்கு இன்றியமையாத சிலவற்றையும் சேர்க்கிறேன். எயார் ஃபில்டரைக் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து, ஃபில்டருக்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எஞ்சின் மண்ணைத் தின்கிறது. அந்த மெக்கானிக் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். கடதாசி ஃபில்டரைக் கழுவ வேண்டாம், மாற்றுங்கள். ரேடியேற்றரில் சப்பியும் சுரியும் இறுகியிருந்தால், மெல்லிய குழாய்த் தண்ணீரால், காற்று வரும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். உயரழுத்தத் தண்ணீர் அடித்தால் அதன் மெல்லிய இதழ்கள் மடிந்து அடைபடும். அதில் ஊற்றுவது கூலன்ட்டாக இருக்கட்டும். கடலோரக் கிணற்றின் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். சக்கரத்துக்குப் போகும் அச்சுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கழுவலின்போதும் பாருங்கள். உறையை உடனே மாற்றினால் சிறு செலவு. சுரி உள்ளே போய்த் திருப்பத்தில் டக்டக்கென்று சத்தம் வந்தபின் என்றால் முழு அச்சையும் மாற்ற வேண்டிவரும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (சக்கர அச்சுகளுக்குப் பலத்தைப் பிரித்துக்கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) தண்ணீருக்குள் இறங்கியதும் குளிர்ந்து, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆகவே அதன் மூச்சுக் குழாய் அடைபடாமலிருக்க வேண்டும். மாரி முடிந்ததும் அந்த ஒயிலை ஒருமுறை வடித்துப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஒயிலுக்குப் பல கம்பனிகள் 100 மணித்தியாலம் என்று எழுதியிருந்தாலும், சுரியிலும் தூசியிலும் ஓடும் வண்டிக்கு அதைப் பாதியாக்குவதுதான் முறை.

பின் பெட்டியில் கூலியாட்களையும் ஏற்றிச் செல்வதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பெல்ட்டைவிட அதுவே என் மனதை உறுத்தியது. இந்த வண்டிகள் அகலம் குறைந்தவை, நிலத்திலிருந்து உயர்ந்து நிற்பவை. சரிந்த வரம்பில் எளிதில் கவிழும். யமஹா ரைனோ வண்டிகள் கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், அமெரிக்காவில் 2009 இல் அந்தக் கம்பனி, பின் சக்கரங்களை அகலப்படுத்தும் இடைத்துண்டுகளை இலவசமாகப் பூட்டிக்கொடுக்க வேண்டி வந்தது. இருக்கையும் பட்டியும் உள்ள இடத்தில் மட்டும் ஆட்களை ஏற்றுங்கள்; பின் பெட்டி மூட்டைக்கு மட்டும் இருக்கட்டும், மூட்டையும் தாழ்வாக, முன்பக்கமாக அடுக்கியிருக்கட்டும்.

ஆகவே வண்டியை இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், எஞ்சினை இறக்கவும் வேண்டாம். நான் சொன்ன சுற்றுமானிச் சோதனையைச் செய்து, ரயரின் எண்ணையும், பெல்ட்டின் பக்கச் சரிவைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும், காற்றுக் குழாயின் இரண்டு முனையும் தெரிகிற இன்னொரு படத்தையும் இங்கே போடுங்கள். மூட்டை ஏற்றிய நேரத்தில் எந்தக் கியரில் ஓட்டினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, நாலாவது பெல்ட்டை எப்போது பூட்டலாம் என்று சொல்கிறேன்.